கோடிக்கரைக் குடிகளும் கலைக்கழகங்களின் கடப்பாடும்

சோழநாட்டின் தென்கீழ்க் கடைக்கோடியில், வங்கக் கடலும் பாக்கு நீரிணையும் கூடும் இடத்தில், நிலம் முடிந்துபோகின்ற முனையே கோடிக்கரை. கோடி என்னும் சொல்லுக்கு முனை, கடைசி என்பனவே பொருள். இன்று முனையை அடுத்த மீனவர் ஊர் கோடியக்கரை எனவும், அதற்கு வடக்கே காட்டை ஒட்டிய ஊர் கோடியக்காடு எனவும் வழங்குகின்றன. மேனாட்டு மாலுமிகள் தம் கடற்படங்களில் இம்முனைக்குக் கலிமேர் என்று பெயர் பொறித்தனர். அது கள்ளிமேடு என்னும் தமிழ்ப்பெயரின் திரிபு என ஹாப்சன்-ஜாப்சன் என்னும் சொல்லகராதி கூறும். ஊரார் ஒரு பெயர் வழங்க, வந்தவர் ஒரு பெயர் எழுத, எழுதிய பெயரே உலகறிய நின்றது. நாம் ஈண்டு ஆராயப் புகும் பொருளும் ஏறத்தாழ இதுவே. ஒரு நிலத்தைப் பற்றிப் பாடுவோரும் ஆடுவோரும் எழுதுவோரும் அந்நிலத்தில் வாழ்வோரை எவ்வாறு குறிப்பிடுகின்றனர், குறிப்பிட்டபின் அவர்க்கு யாது செய்கின்றனர் என்பதே அது.

ஆஸ்திரேலியா, கனடா முதலிய நாடுகளில் இசையரங்கு, நாடக மன்றம், ஓவியக்கூடம் ஆகியவற்றில் நிகழ்ச்சி தொடங்குமுன் ஒருவர் எழுந்து, இவ்வரங்கு நிற்கும் நிலம் இன்ன தொல்குடியினருடையது என்று கூறி அக்குடியின் மூத்தோர்க்கு வணக்கம் செலுத்துதல் வழக்காகிவிட்டது. இவ்வழக்கை அரசாணை தோற்றுவிக்கவில்லை, கலைஞரே தோற்றுவித்தனர். 1976-இல் பெர்த் நகரில் நிகழ்ந்த கலைவிழாவிற்கு மாவோரி ஆடற்குழுவினரும் குக் தீவினரும் வந்திருந்தனர். பிறர் மண்ணில் அம்மண்ணுடையாரின் வரவேற்பைப் பெறாமல் ஆடுதல் தம் மரபன்று என அவர்கள் உரைத்தமையால், தொல்குடிக் கலைஞராகிய ரிச்சர்டு வாலி, எர்னி டிங்கோ என்னும் இருவரும் ஒரு வரவேற்புச் சடங்கை அமைத்தனர். பின்னர் 2008 பிப்ரவரியில் அந்நாட்டு நாடாளுமன்றத் தொடக்கத்திலும் அச்சடங்கு இடம்பெற்றது. கனடாவில் 2015-ஆம் ஆண்டின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைய அறிக்கைக்குப் பின்னர் இவ்வழக்கு விரிவாகப் பரவியது.

இவ்வரலாற்றில் நாம் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. முதற்கண் வாய்திறந்தவர் விருந்தினர். ‘இங்கே ஆட யாரைக் கேட்க வேண்டும்?’ என்று வந்தவர் வினவியமையாலேயே இருந்தவர் விடைகூற நேர்ந்தது. பிற்காலத்தில் வினா மறைந்து, வந்தவரே எழுதி வைத்துக்கொண்டு படிக்கும் வாசகமாக அது மாறிற்று. வாசகம் படிக்கப்பட்டது, நிலமோ, அரங்கின் வருவாயோ, ஆட்சிக்குழுவில் ஓரிடமோ அக்குடியினர்க்கு வந்து சேரவில்லை என்று அந்நாட்டுத் தொல்குடி எழுத்தாளரே குறைகூறுகின்றனர். அக்குறை பொருளுடையதே. தமிழகத்துக் கலைக்கழகங்களும் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் அயல்நாட்டு வாசகத்தை அப்படியே பெயர்த்து மேடையில் ஓதுமாயின், அக்குறையையும் சேர்த்தே இறக்குமதி செய்தனவாகும். ஆதலின், கோடிக்கரை போன்றதோர் இடத்தில் அவ்வினா யாரை நோக்கியது, நம் மரபில் அதற்கு இடமுண்டோ என்பவற்றை முதற்கண் காண்போம்.

தொல்குடி, பழங்குடி என்னும் சொற்களே இங்கு இடர்ப்பாடு உடையன. அரசியலமைப்பின் 342-ஆம் பிரிவின்படி அறிவிக்கப்பெற்ற அட்டவணையில் இடம்பெற்றோரே சட்டத்தின் நோக்கில் பழங்குடியினர். நரிக்குறவரை அவ்வட்டவணையில் சேர்க்கும் திருத்தம் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறியது 2022 டிசம்பரிலேதான். அதற்கு முன்னும் அம்மக்கள் ஊர் ஊராகத் திரிந்து வாழ்ந்தவரே; அட்டவணைதான் காலம் தாழ்த்தது. கோடிக்கரைப் பக்கத்துக் கடற்கரையில் பெரும்பான்மையராக வாழும் மீனவரோ அவ்வட்டவணையில் இல்லாதவர். ஆயினும் கடலும் கழியும் காடும் உப்பும் கொண்டு தலைமுறை தலைமுறையாக அந்நிலத்தில் பிழைப்போர் அவர்களும், உப்பளத் தொழிலாளரும், காட்டோரத்தில் ஆடுமாடு மேய்த்து விறகும் பழமும் எடுத்து வாழ்ந்தோருமே. ஆஸ்திரேலியாவில் வந்தேறியவர், முன்னிருந்தவர் என்று ஒரே கோட்டால் பிரிக்கலாம். காவிரிப் படுகையில் அக்கோடு ஒன்றன்று, பல. இவ்வேறுபாட்டை மறந்து செய்யும் எவ்வொப்பீடும் பிழைபடும்.

இனி நம் மரபை நோக்குவோம். திணை என்னும் சொல் ஒழுக்கத்தையும் நிலத்தையும் மட்டுமன்றிக் குலத்தையும் குறிப்பதாகும். தொல்காப்பியர் கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் என்பவற்றோடு பறையையும் தொழிலையும் யாழையும் சேர்த்து வைத்தார். நிலம் ஒன்று உண்டெனின் அதற்குரிய இசைக்கருவியும், அதனை முழக்கும் மக்களும், அவர் செய்யும் தொழிலும் உடன் உண்டு என்பதே அவ்வெண்ணுமுறையின் உட்கிடை. நெய்தல் நிலத்து மக்களாகப் பரதரும் பரத்தியரும் நுளையரும் நுளைச்சியரும் அளவரும் உரைகளில் பெயர் பெறுகின்றனர். அளவர் என்போர் உப்பு விளைப்போர். மேடையேறி நிலத்தின் மக்களைப் பெயர் கூறி வணங்க வேண்டும் என்பார்க்கு, இலக்கணமே அதனை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் வகுத்து வைத்துள்ளது என நாம் பெருமிதம் கொள்ளலாம். ஆயினும் அப்பெருமிதத்தில் நெடிது நிற்றல் இயலாது. இவை வகுப்பின் பெயர்கள், ஆட்பெயர்கள் அல்ல. நெய்தற் பாட்டின் தலைவி யார் மகள் என்பதை அகமரபு கூறவிடாது. அது பாட்டிற்கு அழகு. அம்மரபை ஆய்வாளரும் அரங்கினரும் மெய்யான மாந்தர்மேல் ஏற்றி, ‘ஒரு மீனவப் பெண் பாடியது’ என்று எழுதி முடிப்பதே நம் காலத்துக் குறை.

கோடிக்கரைக்கே உரிய இலக்கியச் சான்று ஒன்று இவ்விடத்து நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. சுந்தரமூர்த்தி நாயனார் சேரமான் பெருமாளுடன் திருமறைக்காடும் அகத்தியான்பள்ளியும் வணங்கிக் கோடியை அடைந்தார் எனப் பெரியபுராணம் கூறும். அங்குக் குழகரைக் கண்டு அவர் அருளிய பதிகம் ஏழாம் திருமுறையில் உள்ளது. கடற்காற்று வந்து மோதுகின்ற கரைமேல் இறைவர் தனித்திருத்தலைக் கண்டு மனம் பொறாது, துணை யார் என்று கேட்கின்றார் நாயனார். பக்கத்தே குடியிருப்பு ஒன்று இருந்தால் தவறாகுமோ என்றும் கேட்கின்றார். தமிழிலக்கியத்தில் தனிமையின் துயர் இத்துணை எளிய வினாவாக வெளிப்பட்ட இடம் அரிது. அதே பதிகத்தில் வேறோர் இடத்தில், அடர்ந்த காடும் பொந்தில் கூகையின் குழறலும் பேசப்பட்டு, அங்குள்ள வேடர் மிகத் தீயவர் என்றும் பொய்யர் என்றும் கூறப்படுகின்றனர்.

இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குக. கரையில் குடி இல்லை என்பது ஒரு பாட்டின் வருத்தம். வேடர் உளர் என்பது மற்றொரு பாட்டின் வருத்தம். அஃதாவது, வேடர் அங்கு வாழ்ந்தும் குடியாக எண்ணப்பெறவில்லை. இறைவர்க்குத் துணையாகவும் எண்ணப்பெறவில்லை. பதிகத்தின் பத்திச் சுவையில் குறைகாணுதல் நம் கருத்தன்று. அன்பு மிக்கார்க்கு அன்பிற்குரியாரைச் சூழ்ந்துள்ள யாவும் அச்சமாகத் தோன்றுதல் இயல்பே. காளத்தி வேடராகிய கண்ணப்பரைத் தம் திருத்தொண்டத்தொகையில் வைத்துப் போற்றியவரும் இதே நாயனார்தாம். எனினும் கோடிக்கரை வேடரைப் பற்றி எழுத்தில் எஞ்சிய சொல் அவர் எழுதியதன்று. அவர்க்கு மறுமொழி கூறும் வாய்ப்பும் இல்லை. பெரும்பாலான நிலங்களின் முதன்மாந்தரை நாம் இவ்வாறே, அவர்களைக் கண்டு அஞ்சியவரின் வாய்மொழி வழியாகவே அறிகின்றோம். இதனால், இன்றுள்ள ஒரு குலத்தாரை அவ்வேடரின் வழியினர் எனச் சான்றின்றிக் காட்டி மாலை சூட்டவும் கூடாது. பொய்ப்பழமை சூட்டுதல் இழித்துரைத்தலின் மறுபுறமே.

பரதவர்க்கு இந்நிலை சற்று மேம்பட்டு வாய்த்தது. நாகப்பட்டினத்துப் பரதவர் தலைவராகிய அதிபத்தர், வலையில் அகப்படும் மீன்களுள் ஒன்றைச் சிவபெருமானுக்கென்று கடலில் விடும் நியமம் பூண்டவர். வறுமையுற்ற காலத்தில் பொன்மீன் ஒன்றே அகப்பட, அதனையும் விட்டவர். நாகைக் காயாரோகணர் கோயிலைச் சார்ந்து ஆவணி ஆயிலியத்தில் இன்றும் நிகழும் விழாவில் அதிபத்தர் திருவுருவம் படகேறிக் கடலுக்குச் செல்லும், பொன்மீன் விடப்படும், மீனவர் ஊரார் சீர்வரிசையுடன் அவ்விழாவில் உரிமையுடன் கலந்துகொள்வர். இவ்விழாவில் கோயில் மீனவரைப் பற்றிக் கூறுவதோடு நில்லாது அவர் கடலுக்கே செல்கின்றது. அவர் படகின்றி விழா நடவாது. நிலமக்களை மதித்தல் என்பதற்கு நம் நாட்டில் எடுத்துக்காட்டுத் தேடுவோர், பெர்த் நகர் வரை போதற்கு முன் நாகையளவேனும் போய் வருதல் நன்று.

ஆயினும் நிலம் என்று வருங்கால் கல்லும் செம்பும் கூறும் செய்தி வேறு. பல்லவர், சோழர் காலத்துக் கொடை ஆவணங்களில் ‘குடிநீக்கி’, ‘குடிநீங்கா’ என்னும் இரு வழக்குகள் பயில்கின்றன. முன்னர் இருந்த குடிகளை அகற்றிவிட்டுக் கோயிலுக்கோ பிராமணர்க்கோ வழங்கிய நிலம் குடிநீக்கியது. உழுகுடியை அப்படியே இருத்திக் கொடுத்த நிலம் குடிநீங்காதது. பழம்பெயரைத் தவிர்த்து அரசன் பெயராலோ தெய்வத்தின் பெயராலோ ஊர்க்குப் புதுப்பெயர் இடுதலும் அக்கொடைகளில் உண்டு. பிடி சூழ்ந்து எல்லை காட்டிய பின் கள்ளியும் கல்லும் நாட்டிய செய்தியை நாம் சுவையோடு படிக்கின்றோம். அவ்வெல்லைக்குள்ளிருந்து வெளியேறியவர் எங்குச் சென்றார் என்பதை எந்தச் செப்பேடும் பேசாது. காவிரிப் படுகையின் கோயிற்கலை முழுவதும், நாம் போற்றும் ஆடலும் பண்ணும் படிமமும், இவ்விருவகை நிலங்களின் நெல்லால் வளர்ந்தன. எனவே தஞ்சைப் பகுதியில் நிலத்துக்கு வணக்கம் கூறும் கலைக்கழகம், வெளிநாட்டார் இழைத்த தீங்கை மட்டும் எண்ணிக்கொண்டு நிற்க இயலாது.

அதே சோழர் ஆட்சி இதற்கு மாறானதொரு நெறியையும் காட்டியுள்ளது. இராசராசனது 29-ஆம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பெற்ற தஞ்சைத் தளிச்சேரிக் கல்வெட்டு, பெரிய கோயிலுக்கு வரவழைக்கப்பெற்ற தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைத் தனித்தனியே பெயர் சுட்டிக் கூறுகின்றது. அவரவர் முன்பு இருந்த ஊரும் கோயிலும், இப்பொழுது வாழும் தெருவின் சிறகும், அச்சிறகில் எத்தனையாம் வீடு என்பதும் அதில் உள. ஒவ்வொருவர்க்கும் ஒரு பங்கு. பங்கொன்றுக்கு நெல் 100 கலம். ஒருவர் இறப்பினும் வேற்றிடம் செல்லினும் அவர்க்கு அடுத்த உறவினருள் தகுதியுடையார் அப்பங்கைப் பெறுதற்கும் விதி செய்யப்பட்டது. திருவாரூர் முதலிய ஊர்களினின்று அரசன் ஆணையால் பெயர்க்கப்பட்ட அப்பெண்டிர் விரும்பி வந்தனரோ என்பதைக் கல்வெட்டுக் கேட்கவில்லை. அஃது அதன் குறை. பெயரையும் பங்கையும் பிரிக்காமல் ஒரே வரியில் பொறித்தமை அதன் நிறை. பெயர் மட்டும் கூறிப் பங்கு கொடாமையும், கூலி மட்டும் கொடுத்துப் பெயரை மறைத்தலும் இக்காலத்து அரங்குகளில் நாம் நாளும் காண்பன. ஆயிரம் ஆண்டுப் பழமையுள்ள அவ்வரியை ஓர் ஒப்பந்தப் படிவமாகவே கொள்ளலாம்.

இருபதாம் நூற்றாண்டில் கோடிக்கரைப் பக்கம் நாடறிந்த இடமானது உப்பால். 1930 ஏப்ரல் 13-இல் இராசாசி தொண்டர் குழுவுடன் திருச்சிராப்பள்ளியினின்று புறப்பட்டார். நாமக்கல் கவிஞர் இயற்றிய வழிநடைப் பாட்டைப் பாடியவாறு தஞ்சை மாவட்டத்தைக் கடந்து வேதாரணியம் சேர்ந்த அக்குழுவினர், ஏப்ரல் 30-இல் அகத்தியம்பள்ளியில் தடையை மீறி உப்பெடுத்தனர். சர்தார் வேதரத்தினம் பிள்ளை உற்ற துணையாக நின்றார். தொண்டர்க்கு உணவோ உறையுளோ தருவார் தண்டிக்கப்படுவர் என மாவட்ட ஆட்சியர் தார்ன் விடுத்த ஆணையும், அதனை மீறி ஊரார் மறைவில் சோறளித்தமையும் பலரும் அறிந்தவை. போராட்டக்காரரை அடித்த காவலர்க்கு முகம் மழிப்பதில்லை என்று உறுதிபூண்ட வைரப்பன் என்னும் நாவிதர், தம்மிடம் மழித்துக்கொண்டிருந்தவர் காவலர் எனத் தெரிந்ததும் பாதியில் கத்தியை மடக்கிவிட்டுச் சிறை சென்றார். அவர்க்கு வேதாரணியத்தில் நினைவுத்தூண் உண்டு. ஊர்த்தொழிலாளி ஒருவர்க்குப் பெயரிட்டுத் தூண் நாட்டிய இச்செயல், இப்பகுதியின் நினைவுச்சின்னங்களுள் நம் மனத்துக்கு மிகவும் உகந்தது.

ஆண்டுதோறும் ஏப்ரலில் அவ்வுப்பு நடைப்பயணம் மீண்டும் நடித்துக் காட்டப்படுகின்றது. பாட்டுண்டு, கொடியுண்டு, உப்பள்ளும் காட்சியும் உண்டு. அள்ளப்படும் உப்பு யார் பாத்தி கட்டி, யார் நீர் பாய்ச்சி, யார் வாரிக் குவித்தது என்னும் வினா அங்கு எழுதல் வேண்டும். அளவர் என இலக்கண உரையில் இடம்பெற்ற தொழிலினர்க்கு விழா மேடையில் இடமின்றிப் போதல் முறையன்று. விழா எடுப்போர்க்கு இதனால் பெருஞ்செலவு ஒன்றும் நேராது. உப்பளத் தொழிலாளருள் முதியோர் ஒருவரை முதற்பிடி உப்பெடுக்கச் செய்து, அன்றைய கூலியிழப்பை ஈடுசெய்து, மழைமாதங்களில் உப்பளம் வேலையற்றுக் கிடப்பதைப் பற்றி அவர் வாயாலேயே பேசச் செய்தல் போதும். விழாவின் பொருளே மாறிவிடும்.

பின்னர்க் காடு. 1967 ஜூன் 13-இல் கோடிக்கரைக் காடு காட்டுயிர்ப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. வெளிமானும், பாலை மரமும் பிறவும் செறிந்த வறண்ட பசுமைமாறாக் காடும், குளிர்காலத்தில் வரும் பூநாரை முதலிய வலசைப் புள்ளும் அதன் புகழ். 2002-இல் சுற்றியுள்ள சதுப்பு நிலமும் சேர்ந்து 38,500 ஹெக்டேர் பரப்பு ராம்சார் ஈரநிலமாயிற்று. காத்தல் வேண்டியதே, அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் விறகும் மேய்ச்சலும் பாலைப்பழமும் நேற்றுவரை வழக்கமாயிருந்தவை ஒருநாள் குற்றமாயின. ‘குடிநீக்கி’ என்னும் பழஞ்சொல் நினைவிற்கு வருதலை நம்மால் தவிர்க்க இயலவில்லை. இதே காட்டில் நேர்ந்த மற்றொரு செய்தியையும் உடன் கூறுதல் நேர்மை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் இங்குப் பறவைகளுக்கு வளையமிட்டு ஆராய்ந்த பணியில், பீகாரைச் சார்ந்த மீர்ஷிகார் எனப்படும் மரபுவழிப் பறவை பிடிப்போரின் கைத்திறம் பயன்பட்டது. புள்ளுக்கு ஊறு நேராமல் பிடிக்கும் நுட்பம் நூலறிவினரிடம் இல்லை, வேட்டுவரிடம் இருந்தது. பதிகத்தில் தீயவர் எனப்பட்ட தொழிலே, ஆராய்ச்சிக் களத்தில் ஊதியமும் மதிப்பும் உடைய கலையாயிற்று.

இவ்விடத்தில்தான் தமிழ்த்துறைகளின் கடப்பாடு கூர்மை பெறுகின்றது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், அட்டவணைப் பழங்குடியினர்க்கு மட்டுமன்றிப் பிற மரபுவழி வனவாழ்நர்க்கும் உரிமை வழங்குகின்றது. ஆனால் பின்னவர் 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அஃதாவது 75 ஆண்டு, அக்காட்டைச் சார்ந்து வாழ்ந்தமையை மெய்ப்பிக்க வேண்டும். எழுத்தறியாத் தாத்தன் எந்த ஆவணத்தை வைத்துச் சென்றிருப்பான்? இதனை உணர்ந்தே சட்டத்தின் விதிகள், பட்டா முதலியவற்றோடு வேறு சான்றுகளையும் ஏற்கின்றன. கிணறு, இடுகாடு, வழிபாட்டிடம் ஆகியவை சான்றாகும். மூத்தோர் கூற்றை எழுத்தில் வாங்கியது சான்றாகும். பெயர்பெற்ற நிறுவனங்கள் செய்த ஆராய்ச்சியும், உரிமை நுகர்ச்சியைக் காட்டும் வழக்காறுகளின் பதிவும் சான்றாகும்.

இறுதியில் கூறியதன் பொருள் யாது? நாட்டுப்புறவியல் ஆய்வுக்கென்று நாம் திரட்டிய பாடலும் கதையும் தெய்வவழிபாட்டுக் குறிப்பும், அவை உண்மையாகவும் முறையாகவும் பதியப்பெற்றிருப்பின், ஓர் ஊரின் உரிமை வழக்கில் எடைபெறத்தக்கன. காட்டுக்குள் இருக்கும் சிறுதெய்வத்திற்குப் பொங்கலிடச் செல்லும் வழியை ஒரு கிழவி பாட்டில் கூறியிருப்பாள். மாணவர் அதனை ‘வழிநடைப் பாடல்’ என வகைப்படுத்தி, சந்தமும் எதுகையும் ஆராய்ந்து பட்டம் பெற்றிருப்பார். பாடப்பட்ட நாளும், பாடியவர் அகவையும், அவர் அதனை யாரிடம் கற்றார் என்பதும் குறிக்கப்பட்டிருந்தால், அவ்வூரார்க்கு அஃது ஓர் ஆவணம். குறிக்கப்படாவிடின் வெறும் பின்னிணைப்பு. நம் துறைகளில் உள்ள ஒலிநாடாக்களுள் எத்தனை முன்னதாகும், எத்தனை பின்னதாகும் என்று எண்ணிப் பார்க்கும்பொழுது நாம் நாணுகின்றோம். கடற்கரையில் வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டுக்களை நாமும் திரட்டியுள்ளோம். பாடியவர் ஊர்க்கு ஒரு படி திருப்பியனுப்ப வேண்டும் என்னும் எண்ணம் அந்நாளில் நமக்கும் தோன்றியதில்லை. எடுத்தது நம்முடையது என்றே கருதினோம்.

ஆகவே கலைக்கழகமும் தமிழ்த்துறையும் முதற்கண் செய்யத்தக்கது, தம்மிடமுள்ள பதிவுகளை ஊர்வாரியாகப் பிரித்து, பாடியவர் அல்லது அவர் மக்கள் இசைவுடன், ஒவ்வோர் ஊர்க்கும் ஒரு படியைக் கொண்டு சேர்த்தலே. இனிப் பதிவு செய்வோர் கேட்ட நாள், கூறியவர், கற்ற வழி, சுட்டிய இடம் என்னும் நான்கையும் விடாது எழுதுக. எவை வெளியிடத்தக்கன, எவை ஊரோடு நிற்கத்தக்கன என்பதைக் கூறியவரே முடிவு செய்தல் வேண்டும். மருந்துச்செடி பற்றிய அறிவு, மீன் கூடும் இடம் பற்றிய அறிவு போல்வன வெளியானபின் திரும்பப் பெற இயலாதவை. இதற்குக் காணிக்காரர் வரலாறு தக்க சான்று. அகத்தியமலைக் காணிக்காரர் ஆராய்ச்சியாளர்க்கு வழிகாட்டியாகச் சென்றபோது, சோர்வு தீர்க்க உண்ட ஆரோக்கியப்பச்சை என்னும் செடியின் பயனைக் கூறினர். அதிலிருந்து திருவனந்தபுரத்துத் தாவரவியல் ஆராய்ச்சிக் கழகத்தார் ஆக்கிய மருந்தின் உரிமம் 1995-இல் விற்கப்பட்டது. உரிமத் தொகையில் பாதியைக் காணிக்காரர்க்கு ஒதுக்கினர். அதனைப் பெறுதற்கு 1997-இல் அவர்களே ஓர் அறக்கட்டளை நிறுவினர். அப்பங்கீட்டிலும் பின்னர்ச் சச்சரவு எழாமல் இல்லை. ஆயினும் செடிக்குப் பாதி உண்டெனின், பாட்டுக்கு ஏன் ஒரு பங்கும் இல்லை என்பதற்கு இசைத்தட்டு வெளியிடுவோரும் அரங்கேற்றுவோரும் விடை கூறல் வேண்டும்.

கோடிக்கரைக்கு இன்று வருவோருள் பலர் பொன்னியின் செல்வன் படித்தவர். 1950 முதல் 1954 வரை கல்கியில் தொடராக வந்து, 2022-லும் 2023-லும் திரைப்படமாகிய அப்புதினத்தின் ஓடக்காரப் பெண் பூங்குழலியைத் தேடி அவர் வருகின்றனர். சோழர் காலத்தது என மக்கள் வழங்கிய பழைய கலங்கரை விளக்கின் சிதைவையும் தேடுகின்றனர்; அது 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அழிந்துபோயிற்று. அதே பேரலையிலும், 2018 நவம்பர் 16-இல் வேதாரணியம் பக்கம் கரையேறிய கஜா புயலிலும் படகும் வலையும் குடிலும் இழந்த பெண்டிர் அதே கரையில் மீன் உலர்த்திக்கொண்டிருக்க, கற்பனைப் பூங்குழலியின் பெயரே வருவோர்க்குத் தெரிகின்றது. புதினத்தைக் குறைகூறுவது பயனற்றது. ஊருக்கு வழிகாட்டியதே அதுதான். அதனை நாடகமாக்கி ஊதியம் பெறும் குழுக்கள் ஒரு காட்சியையேனும் அக்கரையில் நடத்தி, அதன் வருவாயை ஊர்ப்பள்ளிக்கோ வலைக்கூடத்துக்கோ அளித்தால், பூங்குழலிக்கும் அது பெருமை.

கேட்க வேண்டியவர் யார் என்பதில் ஓர் எச்சரிக்கை உண்டு. மீனவ ஊர்களில் ஊர்ப்பஞ்சாயத்தாரைக் கேட்டல் முறை. அவரைக் கேளாமல் கரையில் பந்தல் நாட்டுதல் அவமதிப்பு. ஆனால் அவ்வவையில் பெண்டிர் பெரும்பாலும் அமர்வதில்லை. பாட்டுக்களுள் ஒருபாதி அவர்களிடமே உள்ளது. பஞ்சாயத்தாரின் இசைவு பெற்றபின் மீன் விற்கும் பெண்டிரிடமும் உப்பளப் பெண்டிரிடமும் தனியே சென்று கேட்டல் வேண்டும். மேலும் வடகிழக்குப் பருவத்தை ஒட்டிய மாதங்களில் அயலூர் மீனவர் பலர் இக்கரைக்கு வந்து குடில் அமைத்துத் தங்கித் தொழில் செய்வர். பருவம் முடிந்ததும் தத்தம் ஊர்க்கு மீள்வர். இவர்கள் இந்நிலத்தார் ஆவரா? ஆண்டில் சில திங்களே தங்கினும், இவர் தந்தையரும் இதே மணலில் குடில் கட்டியவர். கரையில் எழுதி நாட்டும் எந்தப் பலகையும் இவர்களை விட்டுவிடின் குறையுடையதாகும். சேர்த்துக்கொள்ளின், நிலையாக வாழ்வார் அதனை ஏற்பரோ என்று அவரிடமே கேட்டறிதல் வேண்டும். பருவ நாளில், வலை உலர்த்தும் பொழுதில், இரு சாராரும் கரையில் இருக்கும்போது சென்று கேட்டலே தக்கது. கோடையில் ஆய்வாளர்க்கு விடுமுறை. ஆனால் அப்பொழுது குடில்கள் இரா.